கள்ளிப் புளிக்கறி

சேருங்க தம்பி, தாராளமா சேருங்க. தமிழ்ச் சங்கத்துல சேராதீங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். நீங்க போன்ல வீட்டம்மாகிட்டக் கேட்டுக்கிட்டிருந்தது காதுல விழுந்துச்சு, அதான் திரும்பினேன். ஒட்டுக்கேட்டேன்னு நினைச்சுக்காதீங்க. நீங்க பேசுன சத்தத்துக்கு பஸ் டிரைவருக்கே கேட்டிருக்கும். அவருக்குப் புரியலை, எனக்குப் புரிஞ்சிருச்சு, அவ்வளவுதான்.

சேருங்க. பொங்கல், புத்தாண்டு, தீபாவளி, மூணுக்கும் ஸ்கூல் ஹாலை வாடகைக்குப் பிடிச்சு நல்லாத்தான் செய்வாங்க. ஆளுக்கொரு சாப்பாடு செஞ்சு எடுத்துட்டுப் போகணும். உங்க வீட்டம்மா என்ன செய்வாங்க? வடையா? வடைன்னா பிரச்சினையே இல்லை. வடையை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

என் பேரு சீனிச்சாமி. விளாத்திகுளம் பக்கம். பக்கம்னா பக்கந்தான் தம்பி, அதுக்கு மேல ஊர்ப்பேரு எதுக்கு.

இப்ப என் பொண்டாட்டியைக் கூட்டியாரப் போறேன். ஆத்தோரம், மெக்சிகோ எல்லைக்குக் கிட்ட, அவ அக்கா வீட்ல இருக்கா. பொங்கலுக்கு மறுநாள் போனவ. காரையும் எடுத்துட்டுப் போயிட்டா, அதான் நான் பஸ்ல. எர்லிண்டான்னு பேரு. மெக்சிகோக்காரியான்னு கேக்காதீங்க, அவளுக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். அவ பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்தே குடும்பம் இந்த மண்ணுலதான். "நாங்க எங்கேயும் வரலை, இருந்த இடத்துலதான் இருக்கோம். எவனோ வந்து எங்க கொல்லைக்குப் பின்னால எல்லைக்கோட்டைப் போட்டுட்டுப் போயிட்டான்"னு சொல்லுவா. மெக்சிகோ வம்சம், அவ்வளவுதான்.

வருவாளா? வரணும் தம்பி. வராம? நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்? அவளுக்காக ஒரு சங்கத்தையே எதுத்து நின்னுருக்கேன். கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

எங்களுக்குள்ள பழக்கமானதே ஒரு செடியாலதான். நான் சூப்பர் மார்க்கெட் கிடங்குல ராத்திரி வேலை. லாரியில வர்ற காய்கறிப் பெட்டியை இறக்கி அடுக்கணும். சமையல்காரனாத்தான் இந்த நாட்டுக்கு வந்தேன். கூட்டியாந்த ஓட்டல் படுத்துருச்சு, நான் கிடங்குக்கு வந்துட்டேன். சேர்ந்த புதுசுல ஒரு பெட்டியைத் திறக்குறேன், உள்ள சப்பாத்திக்கள்ளி! நம்ம ஊர்ல வேலி ஓரமா, தண்டவாளத்து ஓரமா, சுடுகாட்டுப் பக்கம் கிடக்குமே, அதேதான். மடல் மடலா வெட்டி, முள்ளெடுத்து, துடைச்சு, பச்சைப்பசேல்னு அடுக்கி வெச்சிருக்கான். மேல விலைச்சீட்டு வேற. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. "வேலியை வெட்டி விக்கிறானுங்கடோய்"னு தமிழ்ல கத்திட்டேன். அந்தப் பக்கம் காய் அடுக்கிக்கிட்டிருந்த ஒரு பொம்பளை இடுப்புல கையை வெச்சுக்கிட்டு வந்து நிக்குறா.

"என்ன சிரிப்பு?"

"இது எங்க ஊர்ல வேலி. ஆடு மாடு உள்ள வராம இருக்கப் போடுறது."

"இது எங்க ஊர்ல சாப்பாடு"ன்னா. மூஞ்சி சுண்டிப் போச்சு. இவ்வளவு பெரிய கண்ணு அவளுக்கு, அதுல ஒரு மாதிரி அடிபட்ட பார்வை. எனக்கு என்னமோ ஆயிருச்சு தம்பி. சட்டுனு, "எங்க அம்மாவும் இதைச் சமைச்சிருக்கா"ன்னுட்டேன்.

சும்மா ஒரு பேச்சுக்குத்தான். ஒரு பொம்பளைகிட்டப் பேச ஏதாவது வேணுமில்ல? அம்மா எப்பவாவது மருந்துக்குச் செய்வா. சர்க்கரைக்கு நல்லதுன்னு இப்ப டாக்டருங்களே சொல்றாங்க. அவ விடலை. எப்படிச் செய்வாங்க, முள்ளை எப்படி எடுப்பாங்கன்னு துளைச்சு எடுத்துட்டா. பனையோலையைக் கொளுத்தி, மடலைக் குச்சியில குத்தி அதுல வாட்டுனா முள்ளு சடசடன்னு பொரிஞ்சு உதிரும். அப்புறம் சாக்கால அழுத்தித் தேய்க்கணும். நீளவாக்குல அரிஞ்சு, உப்புப் போட்டுப் பிசைஞ்சு, கோழை போற வரைக்கும் அலசணும். பெறகு புளித்தண்ணி, வத்தல், ரெண்டு பல்லுப் பூண்டு. எண்ணெய் கிடையாது. எண்ணெய்க்கு எங்க போறது? அதாவது, மருந்துக்கு எண்ணெய் சேர்க்கக் கூடாதுல்ல, அதைச் சொல்றேன்.

அதைக் கேட்டுத்தான் அவ என்னைக் கட்டிக்கிட்டான்னு அவ அக்கா ஒரால்யா இன்னிக்கும் சொல்லிச் சிரிப்பா. "ஊர்ல எத்தனையோ ஆம்பளை பூக்கொடுத்தான், இவன் முள்ளைக் கொடுத்தான்"னு.

எர்லிண்டாவோட அம்மா இருந்தாங்களே, பாவம். அவங்க சின்னப் பிள்ளையில பள்ளிக்கூடத்துல ஸ்பானிஷ்ல பேசுனா கையை நீட்டச் சொல்லி அடிப்பாங்களாம். சோள ரொட்டியில கள்ளிக்கறியைச் சுருட்டிக் கொண்டு போனா மத்த பிள்ளைங்க மூக்கைப் பொத்துமாம். டீச்சரம்மா வீடு தேடி வந்து, "வெள்ளை ரொட்டி கொடுத்தனுப்புங்க, அதுதான் சுத்தம்"னு சொல்லிட்டுப் போச்சாம். அந்தம்மா கக்கூஸ் பின்னால சுவரைப் பார்த்துத் திரும்பி உக்காந்து, பாவாடைக்குள்ள மறைச்சு வெச்சுத் தின்னுமாம். பெரியவளாகி, தனக்குப் பிள்ளைங்க பொறந்ததும், வீட்டுக்குள்ள கள்ளியையே சேர்க்கலை. கடை ரொட்டி, டப்பா சூப்பு. எர்லிண்டாவுக்கு அவங்க அம்மா கையால ஒருநாளும் அந்தக் கறி கிடைச்சதில்லை. இதைச் சொல்றப்பல்லாம் அவ குரல் கனத்துப் போகும். எனக்கும் கோவம் வரும் தம்பி. சாப்பாட்டை மறைச்சுத் தின்ன வைக்கிறது எவ்வளவு பெரிய பாவம் பாருங்க!

அப்புறம் சனிக்கிழமைக் கூட்டம் வந்துச்சு. மாதா கோயில் ஹால்ல அவ பக்கத்துப் பொம்பளைங்கல்லாம் சேர்ந்து சமைக்கிறது. காலேஜ் வாத்தியாரம்மா ஒருத்தி வந்து பேசுவா. ஸ்பானியக்காரன் மெக்சிகோவைப் பிடிக்கக் கப்பல்ல வந்தப்ப கோதுமையைக் கொண்டாந்தான், பன்னியைக் கொண்டாந்தான், பாலாடைக்கட்டி, கரும்புச் சர்க்கரை எல்லாம் அவன் கொண்டாந்ததுதான். ஆளு போயிட்டான், ஆனா நம்ம வயித்துக்குள்ள இன்னும் நாற்காலி போட்டு உக்காந்திருக்கான், அவனை எழுப்பி அனுப்பணும்னு சொல்லுவா. எர்லிண்டா வீட்டுக்கு வந்து அவனை எழுப்பி அனுப்புனா. கோதுமை போச்சு. அதோட என் பரோட்டாவும் போச்சு. பன்னிக்கறி போச்சு. டீக்குச் சீனி போச்சு.

"என் டீயில எந்த ஸ்பானியக்காரன் இருக்கான்?"னேன்.

"டீயிலயே இங்கிலீஷ்காரன் இருக்கான், குடி"ன்னா.

அதோட விட்டாளா? என் சாம்பாரைத் தோண்ட ஆரம்பிச்சா. மிளகாய் யாருது? எங்களுது. தக்காளி? எங்களுது. உருளைக்கிழங்கு எங்க பக்கத்துது. சப்போட்டா, சீத்தா, கொய்யா, பப்பாளி, நிலக்கடலை, சீனிக்கிழங்கு எல்லாம் எங்க பக்கத்துலேர்ந்து கப்பலேறிப் போனது. எனக்கு ரோஷம் வந்துருச்சு. "பருப்பு என்னுது, மிளகு என்னுது, கத்திரிக்காய் என்னுது"ன்னு கத்துறேன். "மிளகு உன்னுதுதான், அதைத் தேடி வந்துதான் வழிதப்பி எங்க தலையில வந்து விழுந்தானுங்க"ன்னா. அவளோட பேசி ஜெயிக்க முடியாது தம்பி.

ஒருநாள் அந்த வாத்தியாரம்மா சொன்னதைக் கேட்டுட்டு ஓடி வந்தா. சப்பாத்திக்கள்ளியே நம்ம ஊர்ச் செடி இல்லையாம். கம்பெனிக்காரன் காலத்துல மதராஸுக்குக் கொண்டாந்ததாம். அதுமேல ஒரு பூச்சி வளருமாம், அதை நசுக்குனா சிவப்புச் சாயம். வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குச் சிவப்புச் சட்டை வேணுமில்ல, அதுக்கு. சாயம் சரியா வரலை, செடி மட்டும் தங்கிப் பரவிருச்சு. எர்லிண்டா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "எங்க செடியை அடிமையாட்டம் இழுத்துட்டுப் போய் உங்க ஊர்ல விட்டிருக்கான். யாரும் தொடலை. உன் அம்மா மட்டும் அது சாப்பாடுன்னு கண்டுபிடிச்சிருக்கா, யாரும் சொல்லித் தராமலே"ன்னு சொல்லிட்டு அழுறா. எங்க அம்மாவை அவ பார்த்ததுகூடக் கிடையாது. எதுக்கு அழுறான்னு எனக்கு விளங்கலை. நல்லதுக்குத்தான் அழுறான்னு விட்டுட்டேன்.

அப்ப முடிவு பண்ணிட்டா. இந்தப் பொங்கலுக்குச் சங்கத்துக்கு எடுத்துட்டுப் போறது எங்க அம்மாவோட கறி. உன் அம்மா சமைச்சதை உன் ஆளுங்க நடுவுல வைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னா. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேசரி செய்யலாம், பாயசம் செய்யலாம்னேன். "சர்க்கரை"ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னா. சரி, விட்டுட்டேன். காலையில எந்திரிச்சுக் கொல்லையில தீ மூட்டி, ஒவ்வொரு மடலா வாட்டி, அவளே செஞ்சா. வாய்ல வெச்சுப் பார்த்தேன். அப்படியே இருந்துச்சு தம்பி. தண்ணி குடிக்கிற சாக்குல கொல்லைப் பக்கம் போயிட்டேன். காரம் கொஞ்சம் கூட.

சங்கத்துல என்ன வழக்கம்னா, பாத்திரத்துக்கு முன்னால அதோட பேரை எழுதி வைக்கணும். தமிழ்ல எழுதுன்னு அட்டையை என்கிட்டக் கொடுத்தா. அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. பேசவும் தெரியாது, பாவம். தமிழ்க் கடைக்காரன்கிட்ட "வெண்டைக்காய் முத்தல், வேணாம்"பா, என் தங்கச்சி போன் பண்ணா "நல்லா இருக்கீங்களா, காய்ச்சல் போச்சா"ன்னு கேப்பா, அந்தளவுக்குத்தான். தமிழ்னு சொல்ற மாதிரி ஒண்ணும் தெரியாது.

நான் அட்டையில "வெண்டைக்காய் புளிக்கறி"ன்னு எழுதி வெச்சேன்.

என்ன பார்க்குறீங்க? தப்பா? பச்சை நிறம், வழவழப்பு, புளிப்பு. வெண்டைக்காய் மாதிரித்தானே இருக்கு? சப்பாத்திக்கள்ளின்னு எழுதி வெச்சா எவன் தொடுவான்? அவ செஞ்சது நாலு பேர் வாய்க்குப் போகணும்னுதான் அப்படி எழுதுனேன். அவ நல்லதுக்குத்தான்.

போச்சா இல்லையா கேளுங்க. முதல்ல காலியானதே அதுதான்! ரெண்டாந்தரம் வாங்கித் தின்னாங்க. எங்க சங்கத் தலைவர் திருவேங்கடம் சார், எலும்பு டாக்டர், ரொம்பப் பெரிய கை, சோத்துல போட்டுப் பிசைஞ்சு விரலை நக்குறாரு. அவர் வீட்டம்மா வசுமதி மேடம் வந்து, "சீனிச்சாமி, இந்த ஊர் வெண்டைக்காய்ல இப்படி வருமா? என்ன கைப்பக்குவம்!"னு சொல்லிட்டு, நேரா எர்லிண்டாகிட்டப் போய் எப்படிச் செஞ்சீங்கன்னு இங்கிலீஷ்ல கேக்குறாங்க. நான் குறுக்க விழுறதுக்குள்ள இவ போனை எடுத்து, தீயில மடல் வாட்டுற போட்டோவைக் காட்டுறா. மூஞ்சியெல்லாம் பல்லு. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

வசுமதி மேடம் போனை வாங்கிக் கிட்டத்துல வெச்சுப் பார்த்தாங்க. "ஐயய்யே, இது சப்பாத்திக்கள்ளி! ஏங்க, இங்க வாங்க, வேலியில கிடக்கிற கள்ளியைப் போட்டிருக்காங்க! ஆடுகூட மோந்து பார்த்துட்டு ஒதுங்கிப் போகுமே!" வாயைப் பொத்திக்கிட்டு ஓடுனாங்க. வெளியே குழாயடியில கொப்பளிக்கிற சத்தம் ஹால் முழுக்கக் கேக்குது. உடனே ஒருத்தருக்குத் தொண்டை அரிக்குது. இன்னொருத்தருக்கு நாக்கு மரத்துப் போச்சு. "எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு"ங்கிறார் மூணாந்தரம் வாங்கித் தின்னவரு. யாரோ ஒருத்தன் அட்டையை எடுத்துப் படிச்சு, "வெண்டைக்காய்னு போட்டிருக்கே"ன்னு சிரிக்கிறான்.

தலைவர் கோபப்படலை. பெரிய மனுஷங்க கோபப்பட மாட்டாங்க. கையைத் துடைச்சுக்கிட்டு, மெதுவா என் தோள்ல கையைப் போட்டு, "சீனிச்சாமி, உங்க பக்கம் இதெல்லாம் சாப்பிடுவாங்களோ? நீங்க எந்த ஊர்னு சொன்னீங்க?"ன்னாரு.

உங்களுக்குப் புரியுதா தம்பி, அவர் என்ன கேட்டாருன்னு? ஊரைச் சொன்னா தெருவைக் கேப்பாரு. தெருவைச் சொன்னா வேற ஒண்ணும் கேக்க மாட்டாரு, கேக்க வேண்டியதில்லை. இத்தனை வருஷமா விளாத்திகுளம் பக்கம்னு சொல்லிச் சொல்லி நான் ஓட்டிக்கிட்டிருக்கேன். ஹால்ல இருந்த அத்தனை மூஞ்சியும் என்னைப் பார்க்குது.

"சேச்சே, எங்க பக்கம் அது வேலிக்குத்தான் சார். ஆடே தின்னாது. இது இவங்க சாப்பாடு. இவங்க எதையும் தின்னுவாங்க சார்"னு சொன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. சூழ்நிலை லேசாயிருச்சு. நானும் சிரிச்சேன். சிரிக்காம நிக்க முடியுமா? எர்லிண்டா சிரிக்கலை. அவளுக்குத்தான் தமிழ் தெரியாதே. பாத்திரத்தை மூடி, துணியில கட்டி, அந்த அட்டையையும் எடுத்துக்கிட்டு, போகலாம்னு கையைக் காட்டுனா.

வீட்டுக்கு வந்தோம். அடியில கொஞ்சம் கறி மிச்சமிருந்துச்சு. அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டே வழிச்சுத் தின்னா. தின்னு முடிச்சுக் கையைக் கழுவிட்டு, என் பக்கம் திரும்பாம, தமிழ்ல கேக்குறா: "'இவங்க'ன்னா யாரு, சீனி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தமிழ்! ஒரு எழுத்துப் பிசகலை. அப்ப இத்தனை வருஷமா எல்லாம் புரிஞ்சிருக்கு! நான் என் தங்கச்சிகிட்டப் பேசுனது, மச்சான்கிட்டப் பேசுனது, இவ சமையலைப் பத்திச் சொன்னது, இவ அக்காவோட குறட்டையைப் பத்திச் சொன்னது, அத்தனையும்! நீங்களே சொல்லுங்க, இது நம்பிக்கை துரோகம் இல்லையா? கட்டுன புருஷன்கிட்ட ஒரு பாஷையையே மறைக்கிறதா? கேட்டேன். கோவமாத்தான் கேட்டேன். "எப்பக் கத்துக்கிட்ட, ஏன் சொல்லலை?"ன்னு. காலையில பார்த்தா பெட்டியோட வாசல்ல நிக்குறா.

சரி, பொம்பளை மனசு நொந்து போயிருக்கு. எதுக்கு நொந்துச்சு? அந்த வசுமதி மேடம் வாயைக் கொப்பளிச்சதுக்கு. வேற என்ன? அப்ப நான் என்ன பண்ணணும்? பண்ணேன் தம்பி. என்னை மாதிரி ஒருத்தன் அந்தக் கூட்டத்துல வாயைத் திறந்ததே கிடையாது. கமிட்டிக் கூட்டம் நடக்குற வீட்டுக்கு நேரா போனேன். சமோசா தின்னுக்கிட்டிருந்தாங்க. நின்ன வாக்குல ஆரம்பிச்சேன்.

"சார், இந்தச் சமோசாவுக்குள்ள என்ன இருக்கு? உருளைக்கிழங்கு. யார் ஊரு? என் பொண்டாட்டி பக்கத்து ஊரு. தொட்டுக்குற சட்னியில தக்காளி, மிளகாய். அதுவும் அந்தப் பக்கந்தான். உங்க வத்தக்குழம்புல வத்தல் இருக்கே, அது யாரு வீட்டுச் சொத்து? அதெல்லாம் கப்பல்ல போய் வெள்ளைக்காரன் கையால வந்துச்சு, தின்னுட்டு நம்ம பாரம்பரியம்னு மேடை போட்டுப் பேசுறீங்க. அதே கப்பல்ல வந்த கள்ளி மட்டும் உங்களுக்கு வேலியா? ஒரு பொம்பளை விடியுமுன்ன எந்திரிச்சுத் தீயில வெந்து செஞ்சு கொண்டாந்தா, மூணுதரம் வாங்கித் தின்னுட்டு, பேரைக் கேட்டதும் தொண்டை அரிக்குதா? தொண்டையா சார் அரிச்சுச்சு?"

கையில இருந்த சமோசாவை ஒவ்வொருத்தரா கீழ வெச்சாங்க. வசுமதி மேடம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நான் அதோட விட்டனா? போனை எடுத்தேன். "இதுல பேசுங்க சார், என் பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேளுங்க"ன்னேன். திருவேங்கடம் சார், எவ்வளவு பெரிய டாக்டர், கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, "சிஸ்டர் எர்லிண்டா, உங்க மனசு புண்பட்டிருந்தா சங்கத்தின் சார்பா வருந்துறோம்"னு கேமராவைப் பார்த்துச் சொன்னாரு. இந்தாங்க, வீடியோ இருக்கு, காட்டுறேன். அப்புறமா காட்டுறேன். வெளியில வரும்போது எப்படி வந்தேங்கிறீங்க! நெஞ்சை நிமுத்திக்கிட்டு வந்தேன். இனி அந்தச் சங்கத்துப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்.

வீடியோவை அவளுக்கு அனுப்புனேன். பார்த்துட்டா. பார்த்ததுக்கு அடையாளம் விழுந்துச்சு. பதில் இல்லை. நாள் போகுது, பதில் இல்லை. கடைசியா ஒரால்யா கூப்பிட்டா. "அந்தக் கண்ணாடிக்காரர் எதுக்கு மன்னிப்புக் கேக்குறாரு, சீனி?"ன்னா. "எதுக்குன்னா? அவங்கதானே அவமானப்படுத்துனாங்க?"ன்னேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "நீ இன்னும் கொஞ்சநாள் இருந்துட்டு வா"ன்னு வெச்சுட்டா. கேட்டீங்களா? ஒரு தலைவரையே குனிய வெச்சிருக்கேன், அதுவும் பத்தலையாம். இந்தக் குடும்பத்துக்கு என்னதான் செய்யணும்? கொஞ்சநாள் எல்லாம் இருக்க முடியாதுன்னு டிக்கெட் எடுத்துட்டேன். வீட்ல தனியா எத்தனை நாளைக்கு அவிச்ச முட்டையைத் தின்னுக்கிட்டு சுவரைப் பார்க்குறது?

இருங்க, போன். அவதான். அவதான் தம்பி! பொங்கலுக்கு அப்புறம் முதல்தடவையா அவளே கூப்பிடுறா.

ஹலோ. ஆமா, பஸ்லதான் வர்றேன். இன்னும் ரெண்டு ஊர் இருக்கு. ஒரால்யா சொன்னாளா? … ஏன் தமிழ்லயே பேசுற? … சரி சரி, பேசு. … யாரோட பேசிக்கிட்டு வர்றேன்னா, பக்கத்துல ஒரு தம்பி இருக்காரு. தமிழ்த்தம்பி. நல்ல பிள்ளை, இடையில ஒரு வார்த்தை பேசாம கேட்டுக்கிட்டு வர்றாரு. … எல்லாந்தான் சொன்னேன். கமிட்டியில பேசுனது, வீடியோ, எல்லாம். … அதுவும் சொன்னேன். அம்மா மருந்துக்குச் செய்வான்னு … சர்க்கரைக்கு …

எர்லிண்டா, இரு. வெச்சிராத.

தம்பி, என்ன சொல்றான்னா, இறங்குற இடத்துலேயே திரும்பிப் போற பஸ்ஸும் நிக்குமாம். அதுல ஏறிக்கோங்கிறா. அம்மா ஏன் அதைச் சமைச்சான்னு முன்ன அவகிட்ட மட்டும் நான் சொன்னதை ஒரே ஒரு தமிழ் ஆளுகிட்டச் சொல்லியிருந்தா இறங்கி வரட்டும், இல்லைன்னா ஏறிக்கட்டும்னு சொல்றா. பஸ்ல வெச்சுப் பேசுற பேச்சா இது? … கேக்குது, கேக்குது. என்ன வேணும் உனக்கு? … இவர்கிட்டயா? இவர் யாருன்னே எனக்குத் தெரியாது. ஊர் என்னன்னுகூடக் கேக்கலை. … சரி. சரிம்மா. போனை இப்படி நடுவுல வெக்கிறேன், நீயும் கேளு.

தம்பி, ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் திரும்புங்க.

மருந்து இல்லை. மழை பெய்யாத வருஷம். எங்க தெருவுக்குக் காட்டு வேலை கிடையாது, கடன் கொடுக்க ஆள் கிடையாது. ஆட்டுக்குக் கள்ளியைத் தீயில வாட்டிப் போடுவாங்க பஞ்சத்துல. எங்க அம்மா, சண்முகக்கனின்னு பேரு, அதே தீயில எங்களுக்கும் ரெண்டு மடலை வாட்டுனா. யாருகிட்டயும் கேக்கலை, யாரும் சொல்லித் தரலை. தின்னா சாவோமா பிழைப்போமான்னு தெரியாம, முதல்ல தான் தின்னு பார்த்துட்டு, ராத்திரி முழுக்க முழிச்சிருந்துட்டு, மறுநாள்தான் எங்களுக்குக் கொடுத்தா. அப்புறம் அதுதான் சோறு. மழை வர்ற வரைக்கும் அதுதான் சோறு. எங்க தெருவுல எல்லா வீட்லயும் அதுதான். யாரும் யாருகிட்டயும் சொல்லிக்கலை. முள்ளு கருகுற வாடையை வெச்சுத் தெரிஞ்சுக்குவோம், இன்னிக்கு இந்த வீட்ல அடுப்பு எரியுதுன்னு. மேலத்தெருப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல எங்களை மோந்து பார்த்துட்டுத் தள்ளி உக்காரும்.

அது இல்ல தம்பி, இதெல்லாம்கூடச் சொல்லிரலாம். பசிக்குத் தின்னோம்னா நாலு பேர் உச்சுக்கொட்டுவாங்க. நான் யாருகிட்டயும் சொல்லாதது வேற. நல்லா இருந்துச்சு. அந்தக் கறி அவ்வளவு நல்லா இருந்துச்சு. நானும் என் தங்கச்சியும் சட்டியை வழிக்கச் சண்டை போட்டிருக்கோம். மழை பெஞ்சு, அரிசி வந்து, சோறு பொங்குன அன்னிக்கு நான் தட்டைத் தள்ளிவிட்டு, கள்ளிக்கறிதான் வேணும்னு அழுதேன். அம்மா என்னை அடிச்சா. வெளியில சத்தம் கேட்டுரும்னு என் வாயைப் பொத்திக்கிட்டு அடிச்சா.

எங்க வீட்டுச் சாப்பாடு அது. இவங்க சாப்பாடு இல்லை. எங்க சாப்பாடு. நான் தின்னது. விளாத்திகுளம் பக்கம் பனையூர், கீழத்தெரு. யாரு வேணும்னாலும் கேட்டுக்கங்க.

சொல்லிட்டேன், எர்லிண்டா. கேட்டுச்சா?

… ம். … ம். இல்லை, எந்திரிச்சுப் போகலை. பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. … இரு, கேக்குறேன்.

தம்பி, உங்க மூஞ்சி இப்ப எப்படி இருக்குன்னு கேக்குறா. நான் என்னன்னு சொல்ல?